எலக்ட்ரீஷியன் வருவார் என்று சொல்லி, கத்துக்குட்டிப் பையனைத் தனியாக அனுப்புகிறார்கள். உஷார்!

திருச்சியில் பழைய வீட்டில் இருப்பவர்கள் கவனிக்கவும். மற்ற ஊர்க்காரர்களும்தான்.

எங்கள் வீட்டில் கீசருக்குப் புது பாயின்ட், ஹாலில் சுவிட்ச் போர்டு மாற்றும் வேலை. கடைக்காரர் நேரில் பார்த்து, ரேட் பேசி, அட்வான்ஸ் வாங்கிப் போனார். வேலைக்கு வந்ததோ ஐடிஐ படிக்கும் பையன், தனியாக. "அண்ணன் இன்னொரு சைட்ல இருக்காருக்கா, பின்னாடியே வர்றாரு." அண்ணன் கடைசிவரை போனில் மட்டும்தான் வந்தார்.

பையன் மெயினை ஆஃப் செய்துவிட்டுத்தான் போர்டைக் கழற்றினான். ஆனால் ஹால் ஃபேன் இன்வெர்ட்டர் லைனில் ஓடுகிறது. மெயின் போனதும் இன்வெர்ட்டர் தானாக எடுத்துக்கொள்ளும், அந்த வயரில் அப்போதும் 230 வோல்ட் இருக்கும். ஸ்க்ரூடிரைவர் பட்டதும் பொறி பறந்தது. பையன் ஸ்டூலோடு சாய்ந்து சுவரில் மோதினான். கை நடுக்கம் நிற்கவே வெகுநேரம் ஆனது. கடைக்காரருக்குப் போன் போட்டால், "இந்த வேலையில இதெல்லாம் சகஜம் மேடம், தோ வந்துட்டேன்" என்றார். வேலையை நிறுத்தச் சொன்னேன். "அண்ணன் திட்டுவாருக்கா" என்று பையன் கீசருக்குப் போய்விட்டான்.

பெரிய ஆபத்து அங்கேதான். பாத்ரூமில் எர்த் வயர் கிடையாது. பையன் பிளக் பாயின்டில் நியூட்ரலையும் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டான். கீசரைப் போட்டதும் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச், விழுந்தது. விழத்தான் செய்யும், அதன் வேலையே அது. போனில் என்ன உத்தரவு வந்ததோ, இந்த சுவிட்செல்லாம் இருக்கும் டிபி பாக்ஸைத் திறந்து, ஆர்சிசிபியை விட்டுவிட்டு வயரை நேராகச் சேர்த்தான். "இனிமே ட்ரிப் ஆகாதுக்கா."

அவன் போனபின் ஆர்சிசிபியில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்தினேன். அசையவில்லை. லைசென்ஸ் உள்ள வேறொரு வயர்மேன் வந்து திறந்து பார்த்துத் தலையில் கைவைத்தார். எங்காவது நியூட்ரல் கட்டானால் கீசர் பாடி முழுக்க 230 வோல்ட் ஏறும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்க வேண்டிய ஆர்சிசிபியோ சும்மா உட்கார்ந்திருக்கிறது. லோடு கூடினால் விழும் எம்சிபி வயரைத்தான் காக்கும், ஆளை அல்ல.

பையன்மேல் எனக்குக் கோபமில்லை. கூலியை மிச்சம்பிடிக்க அவனைத் தனியாக அனுப்பியவர், பில்லில் மட்டும் "எலக்ட்ரீஷியன் 1, ஹெல்பர் 1" என்று போட்டிருந்தார். கேட்டால், "பையன் நல்லா வேலை தெரிஞ்சவன்" என்கிறார்!

மத்திய மின்சார ஆணையத்தின் 2023 பாதுகாப்பு விதிமுறைப்படி, வயரிங் வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான் எடுக்க வேண்டும். தகுதிச் சான்றிதழ் உள்ளவர் நேரடியாக மேற்பார்வை பார்க்க வேண்டும். பல்பு, ஃபேன், சுவிட்ச் மாற்ற விலக்கு உண்டு. புது பாயின்ட் இழுப்பதற்கு இல்லை.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே யார் வருகிறார் என்று கேளுங்கள், வயர்மேன் கார்டைக் காட்டச் சொல்லுங்கள். பையன் மட்டும் வந்தால் டீ கொடுத்து உட்கார வையுங்கள், பெரியவர் வரட்டும். வேலை முடிந்ததும் உங்கள் கண்ணெதிரே டெஸ்ட் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். ஆர்சிசிபி விழுந்து வீட்டில் கரண்ட் போகவில்லையென்றால் பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.