சீட்டில் ஒரு பெயர், மரத்துண்டில் இன்னொரு ஓர்க்கிட்

யாழ் நகருக்குச் சற்று வெளியே உள்ள நாற்றுமேடை ஒன்றில், உள்ளங்கைக்குள் அடங்கும் மரத்துண்டில் கட்டப்பட்ட குறு ஓர்க்கிட் ஒன்றைச் சென்ற மாசியில் 3,500 ரூபா கொடுத்து வாங்கினேன். சீட்டில் ‘சோனோர்கிஸ் ஃபிராகிரன்ஸ்’ என்று எழுதியிருந்தது. மியன்மார், தாய்லாந்துப் பக்கத்து இனமாகிய அது வெக்கையைத் தாங்கும் என்பதால், எங்கள் வெயிலுக்கும் சரிவரும் என்ற கணக்கில்தான் வாங்கினேன்.

கன்றின் நிலையில் குறை சொல்ல எதுவுமில்லை. வெள்ளி நிற வேர்கள் மரப்பட்டையை இறுகப் பற்றியிருந்தன. இலையடியில் செதிற்பூச்சியும் இல்லை. ஆனால் சோனோர்கிஸின் இலை தடித்துச் சதைப்பற்றோடு இருக்க வேண்டிய இடத்தில், இதிலோ சுமார் 4 சென்ரிமீற்றர் நீளமான, மெல்லிய, அரிவாள்போல் இலேசாக வளைந்த இலைகள் இரு பக்கமும் அடுக்காக நின்றன. பூவைக் காணாமல் முடிவு சொல்லலாகாது என்று பொறுத்திருந்தேன்.

ஆடியில் இலைக்கக்கத்திலிருந்து புறப்பட்ட காம்பில் ஒரேயொரு பூ விரிந்தது. சோனோர்கிஸ் என்றால் சில மில்லிமீற்றர் அளவான இளஞ்சிவப்புப் பூக்கள் கொத்தாக நெருங்கியிருக்கும். இந்தப் பூவோ ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர் அகலம். இதழ்கள் பச்சை கலந்த மஞ்சள். உதடு எனப்படும் கீழிதழின் நடுவே கருஞ்சிவப்புத் திட்டு, விளிம்பெங்கும் குஞ்சம் குஞ்சமாக நறுக்கு. கைவில்லையில் பார்த்தபோது மயிரடர்ந்த தேனீ ஒன்று குப்புறப் படுத்திருப்பதுபோல் இருந்தது. உதட்டின் அடியில் பையோ வாலோ இல்லை. காலையில் மூக்கை அருகே கொண்டுபோனால் எலுமிச்சை மணம்.

இத்தனையும் சேர்ந்து சுட்டுவது, தாய்வானுக்கே உரிய ஹராயெல்லா ரெட்ரோகல்லாவைத்தான். 1914 இல் யப்பானியத் தாவரவியலாளர் ஹயாதா இதனைச் சக்கோலாபியம் என்ற பேரினத்தில் வைத்து விவரித்தார். 1930 இல் இன்னொரு யப்பானியத் தாவரவியலாளரான குடோ ஹராயெல்லா என்ற பேரினத்தை அமைத்தார். இப்போது இதைக் காஸ்ட்ரோகைலஸ் பேரினத்துக்குள் சேர்ப்பவர்களும் உண்டு. சீட்டில் காஸ்ட்ரோகைலஸ் என்று இருந்திருந்தாலும் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

பெயர்தானே என்று விட முடியாததற்குக் காரணம், தாய்வானின் மலைக்காட்டு நிழலிலும் ஈரத்திலும் வளரும் செடியை, சீட்டை நம்பி, சோளகம் என்ற தென்மேற்குக் காற்று நேரே அடிக்கும் மேற்குத் தாழ்வாரத்தில் தொங்கவிட்டு இரண்டு இலைகளை இழந்தமைதான். இப்போது அது கிணற்றடி வாழை நிழலில் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு இலையில் வெண்படலமாகப் படிவதால், பிடித்துவைத்த மழைநீரையே தெளிக்கிறேன்.

பூவின் படத்தைக் காட்டியபோது உரிமையாளர் முகம் சுளிக்கவில்லை. “கொழும்பில இருந்து வரேக்க ஒட்டி வந்த சீட்டுத்தான், நாங்கள் மாத்தேல்லை” என்றார். செடிக்காக அங்கே தாராளமாகப் போகலாம். பெயருக்காகப் போகிறவர்கள் பூத்த கன்றையே கேட்டு வாங்க வேண்டும். சென்ற கிழமை போனபோது, மீதி நான்கு மரத்துண்டுகளிலும் அதே சீட்டே தொங்கிக்கொண்டிருந்தது.