பனிச்சரிவு வரைபடம்: செயற்கைக்கோளா, லைடாரா, நடந்து பார்ப்பதா?

பனிச்சரிவு அபாயமுள்ள ஒரு பள்ளத்தாக்குக்கு வரைபடம் போட உட்கார்ந்தால் முதல் கேள்வி, எந்தத் தரவை நம்புவது என்பதுதான். கையில் மூன்று வழிகள் இருக்கின்றன: இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயரத் தரவு, விமானத்திலோ ட்ரோனிலோ எடுக்கும் நுணுக்கமான அளவீடு, கோடையில் நடந்துபோய் மரத்தையும் மண்ணையும் பார்ப்பது. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்று இவற்றை வைத்துக்கொள்ள முடியாது. பனி எங்கே கிளம்பும் என்பது ஒரு கேள்வி, எங்கே போய் நிற்கும் என்பது வேறு கேள்வி.

கிளம்பும் இடத்தை முதலில் பார்ப்போம். பெரிய பாளமாக உடைந்து சறுக்கும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில் கிளம்புகின்றன. 38 டிகிரியை ஒட்டித்தான் மிக அதிகம். ஆகவே சாய்வை நாலைந்து டிகிரி தவறாகக் கணித்தாலே வரைபடத்தின் நிறம் மாறிவிடும். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் ரேடாரால் எடுத்த எஸ்ஆர்டிஎம் என்ற உயரத் தரவும், ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் திட்டத்தின் பொதுத் தரவும் 30 மீட்டர் கட்டங்களாகக் கிடைக்கின்றன. 25 மீட்டர் உயரமும் 40 டிகிரி சாய்வும் உள்ள ஒரு மேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மேலேயும் கீழேயும் சமதளம். கிடைமட்டத்தில் அதன் அகலம் சுமார் 30 மீட்டர், அதாவது ஒரே ஒரு கட்டம். மென்பொருள் இருபக்கத்துக் கட்டங்களின் உயரத்தைக் கழித்துச் சாய்வு கணக்கிடும்: 60 மீட்டர் தூரத்தில் 25 மீட்டர் இறக்கம். விடை 23 டிகிரிகூட வராது. ஆளைப் புதைக்கக்கூடிய மேடு வரைபடத்தில் பாதுகாப்பான பச்சையாகத் தெரியும். பெரிய மலைமுகங்களைச் சலித்தெடுக்க இந்தத் தரவு போதும்; சின்ன மேடுகளுக்கு இதை நம்பவே கூடாது.

லைடார், அதாவது லேசர் துடிப்பால் தூரத்தை அளக்கும் முறை, இந்தக் குறையைத் தீர்க்கிறது. லேசர் துடிப்புகள் கிளைகளின் இடைவெளியில் புகுந்து தரையைத் தொடுவதால், தரையின் உயரமும் மரத்தின் உயரமும் ஒன்றாகவே கிடைக்கின்றன. ட்ரோன் படங்களை இணைத்துச் செய்யும் மாதிரியும் சென்டிமீட்டர் கணக்கில் நுணுக்கமானதுதான். ஆனால் அடர்ந்த காட்டுக்குக் கீழே அது பார்க்காது. புதுப்பனியின் வெறும் வெள்ளையிலும் தடுமாறும். அப்புறம் இன்னொன்று: ஒரு மீட்டர் தரவில் ஒவ்வொரு பாறையும் செங்குத்தாகத் தெரியும். குளிர்காலத்தில் பனி அந்தப் பாறைகளை மூடிச் சமன் செய்துவிடும். அதனால் ஓட்டத்தைக் கணிக்கும் சிமுலேஷனுக்குக் கொடுக்கும் முன் தரவைக் கொஞ்சம் மழுக்குவதுதான் சரி.

இனி, எங்கே போய் நிற்கும்? இதற்குப் பதில் காட்டின் ஓரத்தில் இருக்கிறது. பனி வந்த பக்கத்தில் மட்டும் கிளைகள் முறிந்து, மறுபக்கம் பச்சையாக நிற்கும் ஊசியிலை மரங்கள். மேட்டுப்பக்கப் பட்டையில் ஆறிப்போன காயம். ஒரே வயதுள்ள இளமரங்கள் பட்டையாக நிற்பது. எல்லாம் ஒரே திசையில் தலைவைத்துக் கிடக்கும் முறிந்த அடிமரங்கள். காயம்பட்ட மரத்தில் மெல்லிய துளை போட்டு வளையங்களை எண்ணினால் எந்த ஆண்டு அடிபட்டது என்றுகூடச் சொல்லிவிடலாம். கடைசித் தடயம் இருக்கும் இடத்தில் நின்று, பனி கிளம்பிய விளிம்பைச் சாய்வுமானியில் பார்த்தால் கிடைப்பது ஆல்ஃபா கோணம். இதில் கவனம் தேவை: 600 மீட்டர் உயர வித்தியாசமுள்ள பாதையில் 28 டிகிரியை 25 என்று படித்தால், எல்லை சுமார் 160 மீட்டர் தள்ளிப்போகும். ஒரு வரிசை வீடுகள் உள்ளே வருவதும் வெளியே போவதும் அந்த மூன்று டிகிரியில்தான். 1980-இல் நார்வே ஆய்வாளர்கள் வெளியிட்ட, இன்றும் உலகம் முழுக்கப் பயன்படும் ஆல்ஃபா-பீட்டா மாதிரி பனி எவ்வளவு தூரம் ஓடும் என்று கணிக்கிறது; எல்லை தெரிந்த பல பனிச்சரிவுகளிலிருந்து அது பிறந்தது.

ஆனால் மரம் தன் வயதுக்கு மேற்பட்ட கதையைச் சொல்லாது. 1999 பிப்ரவரி 23 அன்று ஆஸ்திரியாவின் கால்ட்யூர் கிராமத்தில் பனிச்சரிவில் 31 பேர் இறந்தார்கள். பாதுகாப்பானது என்று குறித்திருந்த பகுதிக்குள்ளும் பனி புகுந்திருந்தது. தடயம் இல்லாததால் அபாயம் இல்லை என்று யாரும் கோடு போடக் கூடாது. அபூர்வமான பெரிய நிகழ்வுகளைக் கணிக்க சிமுலேஷன்தான் வேண்டும். மரமே வளராத உயரத்திலும் அதுதான் துணை.

2014-இல் ஏவப்பட்ட சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடாரையும் சொல்லவேண்டும். இரவிலும் மேகத்திலும் அது சரிந்த பனிக்குவியலைப் பார்க்கும்; சின்னதைத் தவறவிடும். சாலையோரத்தில் நடப்பதுதான் வழக்கமாகப் பதிவேட்டில் ஏறுகிறது, யாரும் போகாத பக்கம் காலியாகவே கிடக்கிறது. அந்த இடைவெளியை நிரப்ப இது பெரிய உதவி.

என்னைக் கேட்டால், பெரிய பரப்புக்கு 30 மீட்டர் தரவில் தொடங்குவேன். மனிதர்கள் தங்கும், நடக்கும் பாதைகளுக்கு மட்டும் லைடார். பணம் அதற்கும் போதவில்லையா, சரி, ட்ரோனை விட்டுவிட்டு அந்தப் பணத்தில் இரண்டு பேரைச் சாய்வுமானியோடு கோடையில் அனுப்புவேன். மேலிருந்து அல்ல, பள்ளத்தாக்கின் அடியிலிருந்து, கடைசியாகக் காயம்பட்ட மரத்திலிருந்து தொடங்கச் சொல்லி.