ஒரிஜினல் பாட்டுப் புத்தகம் என்று கலர் பிரின்ட் விற்கிறார்கள், கவனம்

பழைய தமிழ்ப் படங்களின் பாட்டுப் புத்தகம், தியேட்டர் நோட்டீஸ், போஸ்டர் எல்லாம் சேர்க்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் அனுப்புங்கள். 1940-களில் அச்சான பாட்டுப் புத்தகம் என்று சொல்லி, பிரின்டரில் அடித்த நகலை ஓர் ஆள் விற்றுக்கொண்டிருக்கிறார். எனக்கு 6,500 ரூபாய் போயிருக்கிறது. புகார் நிலுவையில் இருப்பதால் பெயரைப் போடவில்லை.

அவர் விற்றது 'ஹரிதாஸ்' பாட்டுப் புத்தகம். 1944 தீபாவளிக்கு வந்து, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட எம்.கே. தியாகராஜ பாகவதர் படம். சேகரிப்பவர்கள் யாராக இருந்தாலும் அந்தப் பெயரைப் பார்த்ததும் கை நீட்டுவார்கள். விற்கிறவருக்கும் அது தெரியும். வாட்ஸ்அப்பில் முன் அட்டைப் படம் அனுப்பினார். அது அசலின் படம்தான், அதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை. பின் அட்டையையும் அனுப்பச் சொன்னேன். அதற்குப் பதிலாக ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது: "சார், எங்க தாத்தா டூரிங் டாக்கீஸ்ல ஆபரேட்டரா இருந்தவரு. அவர் பெட்டியில இருந்தது. காசுக்காக விக்கல சார், அருமை தெரிஞ்சவங்ககிட்ட போய்ச் சேரணும்." அருமை தெரிந்தவரிடம் சேர்ப்பதற்கு முன்பணம் மட்டும் முழுசாக வேண்டுமாம்.

கூரியரில் வந்ததைப் பிரித்ததும் முதலில் கண்ணில் பட்டது நடுப்பக்கம். பழைய பாட்டுப் புத்தகங்களில் ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து, சுற்றிலும் தாள் பழுப்பேறியிருக்கும். இதிலும் துரு இருந்தது. ஆனால் பின் இருந்த இடத்தில் இல்லை, அரை விரல் தள்ளி இருந்தது. பின்னோ நேற்றுக் கடையில் வாங்கியதுபோலப் பளபளவென்று மின்னியது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், துரு முழுக்க நீலமும் இளஞ்சிவப்பும் மஞ்சளுமாகப் பொடிப்பொடிப் புள்ளிகள். யாரோ வைத்திருந்த அசலை ஸ்கேன் செய்து, துருவையும் சேர்த்தே பிரின்ட் எடுத்திருக்கிறார்கள். அட்டையில் மடிப்புக்கோடு தெரிகிறது, தடவினால் மடிப்பே இல்லை. தாளைப் பழசாக்க டீத்தண்ணீரில் நனைத்திருக்க வேண்டும், மூக்கருகே கொண்டுபோனால் இன்னும் வாடை அடிக்கிறது.

அந்தக் காலத்தில் ஈய எழுத்துகளைக் கோர்த்து அடித்தார்கள். எழுத்து தாளை அழுத்தும். பக்கத்தைத் திருப்பி விரலால் தடவினால் லேசாக மேடு தட்டுப்படும். இதில் ஒன்றும் தட்டுப்படவில்லை. ரூபாய் நோட்டைச் சோதிக்கிற யூவி டார்ச் அடித்துப் பார்த்தேன், தாள் நீலமாகச் ஜொலித்தது. அப்படி ஜொலிக்க வைப்பது, தாளை வெளுப்பாகக் காட்டச் சேர்க்கும் ஒரு ரசாயனம். அது பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது 1950-களுக்கு அப்புறம்தான். உலக யுத்தத்தில் காகிதத்துக்கே தட்டுப்பாடாக இருந்த 1944-இல் பாட்டுப் புத்தகத்துக்கு யார் அப்படிப்பட்ட தாளைக் கொடுத்திருப்பார்கள்?

எல்லாவற்றையும் விட அவரைக் காட்டிக்கொடுத்தது பின் அட்டை. அசலில் அந்தப் பக்கம் கிழிந்திருக்கும் போல, கம்ப்யூட்டரில் புதிதாக டைப் அடித்து ஒட்டியிருக்கிறார்கள். 'விலை 2 அணா' என்று இருக்கிறது. அணா சரிதான், அதற்குப் பதிலாக நயா பைசா வந்தது 1957-இல். ஆனால் அந்த 'லை' நாம் இன்றைக்கு எழுதுகிற லை. கீழே 'சென்னை' என்பதிலும் இன்றைய னை. எம்.ஜி.ஆர். அரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை போடும்வரை லை, ளை, னை, ணை எல்லாம் முன்னால் யானைத் தும்பிக்கை போல வளைந்த கொம்போடுதான் அச்சாகின. பெரியாரின் 'குடி அரசு' பத்திரிகை 1935-லேயே புது எழுத்துக்கு மாறியது உண்மை. அதற்காக பாகவதர் படத்தின் பாட்டுப் புத்தகமும் பெரியார் எழுத்தில் வந்தது என்று என்னிடம் சாதிக்க முடியாது.

இதையெல்லாம் படம் எடுத்து அனுப்பினேன். "சார், ஒரிஜினல்னு நான் எங்கே சொன்னேன்? பழைய மாடல்னுதானே சொன்னேன்" என்றார். தாத்தா பெட்டி என்ன ஆயிற்று என்று கேட்டேன். கொஞ்ச நேரத்தில் பழைய மெசேஜ்கள் ஒவ்வொன்றாக மறைந்தன, அப்புறம் என்னையே பிளாக் செய்துவிட்டார். நல்லவேளையாக அந்த வாய்ஸ் மெசேஜை முன்னமே வேறு போனுக்கு அனுப்பி வைத்திருந்தேன். சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிட்டு, ஜிபே பரிவர்த்தனை எண்ணோடு புகார் பதிந்திருக்கிறேன்.

மறுபதிப்பு விற்பதில் தப்பில்லை. மறுபதிப்பு என்று சொல்லி நூறு, இருநூறுக்கு விற்கிற நேர்மையானவர்கள் இருக்கிறார்கள், நானே வாங்கிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். அசல் என்று சொல்கிறவரிடம் மட்டும் நடுப்பக்கம், பின் அட்டை, அச்சக முகவரி மூன்றையும் பகல் வெளிச்சத்தில் வீடியோவாகக் கேளுங்கள். முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் அது 1972 ஆகஸ்டுக்குப் பிந்தைய சரக்கு, பேச்சே வேண்டாம். வீடியோ தர மறுத்தால் விட்டுவிடுங்கள். அசல் எப்படி இருக்கும் என்று கையிலும் கண்ணிலும் பழக வேண்டுமானால், சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய பாட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன.

இந்த ஆள் என்னோடு நிறுத்தியிருக்க மாட்டார். சமீபத்தில் 'ஹரிதாஸ்' வாங்கியவர்கள் யாராவது இருந்தால், நடுப்பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். துருக்கறை அதே வடிவத்தில் அதே இடத்தில் இருந்தால் இரண்டும் ஒரே ஸ்கேன்தான், என் புகாரோடு உங்களுடையதையும் சேர்த்துக் கொடுக்கலாம்.