சுற்றுச்சூழல் பொறியியல் பட்டப்படிப்பு: தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்களுக்காக ஒரு மதிப்பீடு

கிருஷ்ணகிரிப் பக்கமுள்ள ஒரு சுயநிதிக் கல்லூரியில் சுற்றுச்சூழல் பொறியியலில் நான்காண்டு பி.இ. படித்து முடித்து, இப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். பிளஸ் டூ முடிவு வந்ததும், "இந்தக் குரூப்பில் பையனைச் சேர்க்கலாமா?" என்று ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: படிப்பு மிக நல்ல படிப்பு, ஆனால் ஆய்வகம் ஒழுங்காக இயங்காத கல்லூரியில் அதன் பாதிதான் கையில் கிடைக்கும்.

முதலாண்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கணிதம், இயற்பியல், வேதியியல், பொறியியல் வரைபடம் என்று எல்லாப் பிரிவினரும் படிப்பதையே நாமும் படிக்கிறோம். இரண்டாமாண்டில் பாய்ம இயக்கவியல், நில அளவை, சுற்றுச்சூழல் வேதியியல், நுண்ணுயிரியல் என்று பாதை பிரியும். சிவில் பாடங்களும் வேதியியலும் உயிரியலும் இதில் ஒருசேர வருவதால், பள்ளியில் வேதியியலை மனப்பாடம் செய்து மட்டுமே தேறியவர்கள் இங்கே திணறுவதைப் பார்த்திருக்கிறேன். வேதியியல் பிடிக்கும் மாணவருக்கு இந்த ஆண்டிலிருந்து படிப்பு உண்மையிலேயே இனிக்கத் தொடங்கும்.

நம் இரண்டு மாவட்டங்களில் பிறந்தவருக்கு இந்தப் பாடங்கள் எங்கோ உள்ள விஷயங்கள் அல்ல. நான் பென்னாகரம் பக்கம் பிறந்தவன். குடிநீரில் ஃப்ளோரைடு மிகுந்ததால் பற்களில் பழுப்புக் கறை படிந்த பெரியவர்களைப் பார்த்தே வளர்ந்தேன். பாறையிலுள்ள ஃப்ளோரைடு கனிமங்கள் சுண்ணாம்புச் சத்துக் குறைந்த, காரத்தன்மையுள்ள நிலத்தடி நீரில் எப்படிக் கரைகின்றன என்பதை நிலத்தடி நீர்ப் பாடத்தில் படித்தபோதுதான், அது யாருடைய தலையெழுத்தும் அல்ல, கணக்கிட்டுத் தடுக்கக்கூடிய ஒன்று என்பது எனக்கு உறைத்தது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃப்ளோரைடு ஏற்கத்தக்கது என்றும், வேறு ஆதாரம் இல்லாதபோது 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்திய தர நிர்ணயம் சொல்கிறது. ஜப்பானின் அரசு உதவி நிறுவனமான ஜைக்காவின் கடனுதவியுடன் சுமார் 1,928 கோடி ரூபாய் மதிப்பில் உருவாகி 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் (ஃப்ளோரைடு மிகுதியால் பல்லும் எலும்பும் கெடும் நோய்) பாதிப்புத் தணிப்பு என்பதும் சேர்ந்திருக்கிறது. தெருக்குழாயில் காவிரித் தண்ணீர் வராத நாளில் மக்கள் மீண்டும் போர் தண்ணீருக்குத்தான் போகிறார்கள் என்பதால், அந்தப் பாடம் இன்னும் பழசாகிவிடவில்லை.

இந்தப் படிப்பில் எனக்கு மிகவும் நிறைவளித்த ஒரு பிற்பகலையும் இதனோடு சேர்த்தே சொல்ல வேண்டும். ஃப்ளோரைடு அளக்கும் சோதனையில் சிவப்புச் சாயக் கரைசலை நீர் மாதிரியில் கலப்போம். ஃப்ளோரைடு கூடக்கூடச் சிவப்பு வெளுத்துக்கொண்டே போகும். எங்கள் ஊர் போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுபோயிருந்தேன். ஒப்பீட்டுக்கு வைத்திருந்த வாலை வடிநீரில் நிறம் அடர்த்தியாக நிற்க, பக்கத்துக் குடுவையில் எங்கள் ஊர்த் தண்ணீர் கண்ணெதிரே வெளிறியது. கருவி காட்டிய அளவும் 1.5ஐத் தாண்டியது. தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று பார்க்க டி.டி.எஸ். மீட்டரை நம்பும் வீடுகள் நம் பகுதியில் ஏராளம். அந்த மீட்டர் மொத்த உப்பை மட்டுமே காட்டும், ஃப்ளோரைடைத் தனியாகக் காட்டாது என்று என் அம்மாவிடம் தெளிவாக விளக்க முடிந்ததே இந்தப் படிப்பு எனக்குத் தந்த முதல் பயன்.

ஆனால் அப்படிப்பட்ட பிற்பகல்கள் குறைவாகவே அமைந்தன என்பது என் பெரிய மனக்குறை. கழிவை நுண்ணுயிர்கள் செரிக்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதைக் காட்டும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவையை, அதாவது பி.ஓ.டி.யை, நம் நாட்டில் 27 டிகிரி வெப்பநிலையில் மூன்று நாள் வைத்திருந்து அளக்கிறோம். அதற்கு, வெப்பநிலையை மாறாமல் காக்கும் பெட்டியான இன்குபேட்டர் இடைவிடாமல் ஓட வேண்டும். எங்கள் கல்லூரியில் ஜெனரேட்டர் இணைப்பு ஆய்வகத்துக்குக் கொடுக்கப்படவில்லை. "ராத்திரி கரண்ட் போனா நின்னுடும் தம்பி, போன வருஷ ரீடிங்கையே எழுதிக்குங்க" என்று ஆய்வக உதவியாளர் சொல்வார். அவரைக் குறைசொல்ல மாட்டேன். அவர் கையில் இருந்தது அவ்வளவுதான். விளைவு என்னவென்றால், இத்துறையின் அடிப்படை அளவீடு ஒன்றை ரெக்கார்டு நோட்டில் எழுதி மதிப்பெண் வாங்கிய நாங்கள், அதை ஒருமுறைகூட முழுமையாகச் செய்து பார்க்காமலேயே பட்டம் பெற்றோம். கட்டணம் வாங்கும் நிர்வாகம் இதைச் சிறிய விஷயமாக நினைத்திருக்கலாம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அது எனக்குப் பெரிய விஷயமாகிவிட்டது.

களப்பயணங்களிலும் இதே நிலைதான். இந்தத் துறைக்கு நம் வட்டாரத்தைவிட நல்ல பாடசாலை அமைவது அரிது. நந்தி மலையில் தோன்றும் தென்பெண்ணை, பெங்களூருப் பகுதியின் கழிவையும் சுமந்துகொண்டு கெலவரப்பள்ளி அணைக்கு வரும்போது ஆறே தெரியாதபடி வெண்ணுரை பொங்குகிறது. அந்த நுரையில் சோப்புப் பொருள்களின் பங்கு என்ன, மழைக்காலத்தில் மதகு திறக்கும்போது அது ஏன் கூடுகிறது என்பதை அணைக்கரையில் நின்று நடத்தினால் எந்த மாணவருக்கும் மறக்காது. கிரானைட் குவாரிகளும் கிரஷர்களும் தூசி அளவிடக் கற்க ஏற்ற இடங்கள். எங்களை அழைத்துச் சென்றது ஒரு மாம்பழக்கூழ் தொழிற்சாலைக்கு மட்டுமே, அந்த ஒரு பயணமே பாடப்புத்தகத்தின் ஓர் அத்தியாயத்துக்கு ஈடாக இருந்தது. கூழ்க் கழிவில் சர்க்கரை மிகுதி, நைட்ரஜனும் பாஸ்பரசும் குறைவு. ஆகவே அதைத் தின்று செரிக்கும் நுண்ணுயிர்களுக்கு அந்தச் சத்துகளை வெளியிலிருந்து சேர்க்க வேண்டும். தொழிற்சாலையோ மாம்பழப் பருவத்தில் மட்டுமே ஓடுவது. மற்ற மாதங்களில் உணவின்றி நுண்ணுயிர்கள் அழிந்துவிடுவதால், அடுத்த பருவத்தில் சாணம் கரைத்து ஊற்றி மறுபடியும் உயிரூட்டுகிறார்கள். இதை எங்களுக்கு விளக்கியவர் பேராசிரியர் அல்லர், அந்த நிலையத்தின் ஆபரேட்டர் அண்ணன்.

இப்போது என் அன்றாட வேலையும் அந்த அண்ணன் செய்ததைப் போன்றதுதான். காலையில் காற்றூட்டும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் அளவு உருளையில் கழிவுநீரும் நுண்ணுயிர்களும் சேர்ந்த கலவையை எடுத்து, அரை மணி நேரம் அசையாமல் வைத்து, சேறு எந்தக் கோட்டில் படிகிறது என்று பார்ப்பேன். சாக்லேட் பழுப்பில், மண்வாசனையோடு, மேலே தெளிந்த நீர் விட்டுப் படிந்தால் நிலையம் நலமாக இருக்கிறது; கறுத்து நாறினால் காற்று போதவில்லை. ஆற்றில் விடப்போகும் நீருக்கு நான் பொறுப்பு என்ற எண்ணம் இந்த வேலைக்கு ஒரு மதிப்பைத் தருகிறது.

வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை, வளாக நேர்காணலுக்கு வந்தவை பெரும்பாலும் மென்பொருள் நிறுவனங்களே. துறைசார்ந்த வேலையை நாமாகத்தான் தேட வேண்டும். ஓசூர் சிப்காட் ஆலைகள், பெங்களூரு அடுக்குமாடிக் குடியிருப்புகளின் சுத்திகரிப்பு நிலையங்களை நடத்தும் நிறுவனங்கள், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யும் ஆலோசனை நிறுவனங்கள் ஆகியவற்றில் இடம் உண்டு. தொடக்கச் சம்பளம் குறைவு. 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டம், 1981ஆம் ஆண்டு காற்றுச் சட்டம், 1986ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் ஆகியவற்றை ஊன்றிப் படித்தவரை ஆலைகள் விரும்பி எடுப்பதைக் காண்கிறேன். அனுமதி, புதுப்பித்தல், ஆய்வறிக்கை என்று எழுத்து வேலை அவ்வளவு இருக்கிறது. மேற்படிப்பை விரும்புவோருக்கு, முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான கேட் தேர்வில் 2021 முதல் இத்துறைக்கெனத் தனித்தாள் வந்திருப்பது பெரிய வசதி.

சிவில் எடுத்துவிட்டு முதுநிலையில் சுற்றுச்சூழல் பொறியியலுக்கு மாறலாமே என்று கேட்போருக்கும் ஒன்று சொல்கிறேன். அரசுப் பொறியாளர் பணியே குறி என்றால் சிவில் எடுப்பது பாதுகாப்பானது, ஏனெனில் பல அறிவிப்புகளில் கல்வித் தகுதியாக சிவில் பட்டமே கேட்கப்படுகிறது. தண்ணீரும் கழிவும்தான் என் வேலை என்று இப்போதே தீர்மானமாக இருப்பவர் இந்தப் படிப்பில் தயங்காமல் சேரலாம். கவுன்சலிங்கில் கல்லூரியைப் பதிவதற்கு முன், பெற்றோருடன் ஒரு வேலைநாளில் அங்கே நேரில் போய், இன்குபேட்டரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உள்ளே தேதி எழுதி ஒட்டிய பி.ஓ.டி. பாட்டில்கள் இருக்க வேண்டும். மூன்றாமாண்டு மாணவர் ஒருவரிடம், கடைசியாக எந்தச் சோதனையைத் தன் கையால் செய்தார் என்றும் கேளுங்கள்.