சூலுலாந்தா, லிம்போப்போவா, கிழக்கு கேப்பா? வழிகாட்டியோடு வேட்டைக்குப் பதிவு செய்யும் முன்

தென்னாப்பிரிக்காவில் வழிகாட்டியோடு வேட்டைக்குப் போக ஆசைப்படும் நம் ஆட்கள் முதலில் கையில் எடுப்பது விலைப்பட்டியலைத்தான். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் குடியிருப்பவரானாலும் சரி, கோலாலம்பூரிலிருந்து டர்பன் சொந்தங்களைப் பார்க்க வருகிறவரானாலும் சரி, நாலு பட்டியலை வரிசையாக வைத்து எந்த மிருகம் எங்கே மலிவு என்று தேடுகிறார்கள். அந்தத் தேடலை நான் கடைசிக்குத் தள்ளச் சொல்வேன். எந்த நிலம், அங்கே நம்மோடு நடக்கப்போகும் வழிகாட்டி யார், மிருகம் தப்பிக்க இடம் இருக்கிறதா என்ற மூன்றும் தெளிவான பிறகு விலையைப் பேசலாம்.

எந்த மாதம் என்பதில் பெரிய விவாதம் இல்லை. மே முதல் ஆகஸ்ட் வரை இங்கே குளிர்காலம். டர்பனுக்கு வடக்கே உள்ள சூலுலாந்திலும் வடகோடி மாகாணமான லிம்போப்போவிலும் புல் காய்ந்து படுத்துவிடும், தண்ணீர் குறையும், மிருகங்கள் ஓடைக்கும் குட்டைக்கும் வந்தாக வேண்டும். மலேரியா பயமும் குறைவு. நம் நாட்காட்டிக்கும் இது ஒத்துவருகிறது. சித்திரைக் காவடி விரதம் முடிந்திருக்கும், புரட்டாசி தொடங்கியிருக்காது. நடுவில் ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் வாரங்கள் அந்தந்த வீட்டு வழக்கத்தைப் பொறுத்தவை. செப்டம்பர் பாதிக்கு மேல் விலை குறைத்துத் தருவதாகச் சலுகை வந்தாலும் டர்பன்காரர்கள் யோசிக்க வேண்டும். புரட்டாசி முழுக்க அடுப்பில் கறி ஏறாத வீட்டுக்கு மான் கறியைக் கொண்டுபோய் என்ன செய்வது? வெயிலும் அப்போது ஏறத் தொடங்கிவிடும்.

இடத்துக்கு வருவோம். முதல்முறை போகிறவருக்கு என் ஓட்டு வடக்கு சூலுலாந்துக்குத்தான். டர்பனின் கிங் ஷாகா விமான நிலையத்தில் இறங்கி, டோங்காட், ஸ்டாங்கர் கரும்புத் தோட்டங்களைத் தாண்டி என்2 நெடுஞ்சாலையில் வடக்கே போனால், ம்கூசி பக்கத்துப் பண்ணைகளுக்கு ஏறத்தாழ மூன்றரை மணி நேரம். டர்பன்காரர்களுக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. பணம் கட்டும் முன்பே ஒரு சனிக்கிழமை காலை கிளம்பி நிலத்தையும் ஆளையும் நேரில் பார்த்துவிட்டு வந்துவிடலாம். அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் பதிவு செய்கிறவர்களுக்கு அது கிடைக்காது.

சூலுலாந்தின் மிருகம் நியாலா என்ற மான் வகை. ஆற்றோரக் காட்டின் நிழலில் நிற்கும் வளர்ந்த ஆண் நியாலாவை ஒருமுறை பார்த்தால் அதற்காக ஏன் உலகமே இங்கே வருகிறது என்று தெரியும். கரும்பழுப்பு உடம்பு, கழுத்திலிருந்து வயிறு வரை தொங்கும் நீண்ட முடி, கண்களுக்கு நடுவில் வெள்ளைக்கோடு, முழங்காலுக்குக் கீழே மட்டும் ஆரஞ்சு நிறக் கால்கள். பெண்ணோ செம்பழுப்பு, உடம்பில் வெள்ளை வரிகள், கொம்பு கிடையாது. இளம் ஆணும் முதலில் அந்தச் செம்பழுப்பில்தான் இருக்கும். நிழலுக்குள் எது வளர்ந்தது, எது இன்னும் இரண்டு வருடம் விடவேண்டியது என்பதைச் சில நொடிகளில் பிரித்துச் சொல்ல அந்தக் காட்டிலேயே வருடக்கணக்கில் நடந்த வழிகாட்டி வேண்டும். இங்கே சுடும் தூரம் பெரும்பாலும் நூறு மீட்டருக்குள். சுடுவதைவிட நெருங்குவதுதான் வேலை. காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துப் பார்த்து, தடம் பார்க்கும் சூலு ட்ராக்கரின் பின்னால் சத்தமில்லாமல் நடக்க வேண்டும். வேட்டை கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை. குறை என்றால் உண்ணி. மிளகு அளவுகூட இல்லாத குட்டி உண்ணிகள் குளிர்காலத்திலும் புல்லில் காத்திருக்கும், காலுறைக்குள் பேன்ட்டைச் செருகிக்கொள்ளாமல் நடக்கக் கூடாது. வட எல்லைப் பக்கம் போனால் மலேரியா மாத்திரை பற்றியும் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

லிம்போப்போ வேறு கணக்கு. ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கி வடக்கே நாலைந்து மணி நேரம் சாலைப் பயணம். முள்மரமும் மொபானேயும், வடகோடியில் பாவோபாப்பும் நிற்கும் அகன்ற காடு. பெரிய கொம்புள்ள குடூ மான், ஈலண்ட் மான், நீர்மான், வரிக்குதிரை, மாட்டைப் போன்ற வில்டபீஸ்ட் எல்லாம் ஒரே பயணத்தில் கிடைக்க வாய்ப்பு இங்கேதான் அதிகம். நிலம் பெரிதாக இருக்கும் இடங்களில் ஒரு நாள் முழுக்க ஒரே தடத்தைப் பின்தொடர்ந்து நடக்கலாம், அது தனி அனுபவம். ஆனால் வேட்டைத் தொழில் பெரிதாக வளர்ந்த மாகாணம் என்பதால் நல்லதும் கெட்டதும் கலந்தே கிடைக்கும். சொந்த நிலம் இல்லாமல், வருகிறவரை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பண்ணைக்கு வண்டியில் ஏற்றிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். நாள் கட்டணத்தைக் கொடுத்துவிட்டு அதில் பாதி நேரம் பக்கியில் (பிக்கப் வண்டியில்) உட்கார்ந்திருப்பது யாருக்கு வேண்டும்? எத்தனை பண்ணை, தங்குமிடத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று எழுத்தில் கேளுங்கள்.

கிழக்கு கேப் மலைச்சரிவும் கரூ என்ற வறண்ட வெளியும் மலேரியா இல்லாத பகுதி. சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிற குடும்பத்துக்கு அது பெரிய நிம்மதி. கெபேஹா (பழைய போர்ட் எலிசபெத்) விமான நிலையம்தான் வாசல். ஸ்பிரிங்பாக், பிளெஸ்பாக், மலைச்சரிவுகளில் திரியும் ரீட்பக் ஆகிய மான்கள் இங்கே நன்றாகக் கிடைக்கும். குடூ உண்டு, ஆனால் வடக்கே இருப்பதைவிட அளவில் சிறியது. திறந்த வெளி என்பதால் இருநூறு மீட்டருக்கு மேல் சுட வேண்டிவரும். புதிதாகத் துப்பாக்கி பிடித்தவருக்கு அந்தத் தூரம் சரிவராது. காயம்பட்ட மிருகம் மலை ஏறிவிட்டால் அதற்கும் வேதனை, நமக்கும் வேதனை.

வேலி விஷயத்தைத் தனியாகப் பேச வேண்டும். 1991ஆம் ஆண்டின் வனவிலங்குத் திருட்டுச் சட்டத்துக்குப் பிறகு, முறையாக வேலியிட்ட நிலத்தில் உள்ள மிருகம் நில உரிமையாளரின் சொத்து. அதனால் இந்த நாட்டில் உயர்ந்த வேலி இல்லாத வேட்டைப் பண்ணை தேடி அலைவதில் பலன் குறைவு, மூன்று மாகாணத்திலும் வேலி இருக்கும். கேட்க வேண்டியது வேலிக்குள் என்ன நடக்கிறது என்பதைத்தான். நிலம் எத்தனை ஹெக்டேர்? அடர்ந்த புதர் எவ்வளவு? நான் தேடும் மிருகம் இங்கேயே பிறந்ததா, ஏலத்தில் வாங்கி இறக்கியதா? இறக்கியது என்றால் எப்போது? நேர்மையான ஆள் தயங்காமல் பதில் சொல்வார். ‘அதெல்லாம் கவலைப்படாதீங்க, மிருகம் கண்டிப்பா கிடைக்கும்’ என்று மட்டும் சொல்கிறவரை நான் ஒதுக்கிவிடுவேன்.

அப்புறம் பணம். இங்கே இரண்டு முறை இருக்கிறது. ஒன்று நாள் கட்டணம், அதோடு சுட்ட மிருகத்துக்குத் தனிக் கட்டணம். மற்றது இத்தனை நாள், இத்தனை மிருகம், மொத்தம் இவ்வளவு என்ற பேக்கேஜ். தெரிந்த மாமா ஒருவர் இரண்டு தாளையும் மேசையில் வைத்துக் கேட்டார்: “தம்பி, இந்த ஆள் ஏழு மிருகம் தர்றான், நீ சொல்ற ஆள் அதே காசுக்கு மூணுதான் தர்றான். கணக்கு உதைக்குதே!” கணக்கு சரிதான், ஆனால் ஐந்து நாளில் ஏழு மிருகம் என்றால் எப்படி முடியும் என்று யோசிக்க வேண்டும். பொறுமையாகத் தடம் பார்த்து நடக்க நேரம் இருக்காது. வண்டியில் சுற்றி, கண்ணில் பட்டதும் இறங்கிச் சுட்டு, அடுத்ததுக்கு ஓட வேண்டும். ஆறுதான் கிடைத்தது என்றால் ஏழாவதின் காசு பெரும்பாலும் திரும்பாது. அந்த ஏழில் வில்டபீஸ்ட்டும் வரிக்குதிரையும் இருந்தன. மாட்டிறைச்சி தொடாத அவர் வீட்டில் அவை சமையலறைக்குள் வரப்போவதில்லை. நாள் கட்டணத்தில் மூன்று மிருகம் எடுத்தால், சுட்டதற்கு மட்டும் காசு. தனியாகப் போகிறவருக்கு நாள் கட்டணமே சரி என்பது என் தீர்மானம். அண்ணன் தம்பி, மச்சான் என்று கூட்டமாகப் போய் மிருகங்களைப் பங்கிட்டுக்கொள்வதானால் பேக்கேஜும் பழுதில்லை.

தாளைப் படிக்கும்போது சின்ன எழுத்தில் இருப்பதைத்தான் முதலில் படிக்க வேண்டும். ஒரு வழிகாட்டிக்கு ஒரு வேட்டைக்காரரா, இருவரா? சுடாமல் கூட வரும் மனைவிக்கும் பிள்ளைக்கும் பார்வையாளர் கட்டணம் எவ்வளவு? 15 சதவீத வாட் வரி உள்ளேயா, வெளியேயா? ரைஃபிள் வாடகை, தோட்டா, விமான நிலையத்திலிருந்து கூட்டிப் போவது யார் கணக்கு? காயம்பட்டு ஓடிப்போன மிருகத்துக்கும் முழுக் கட்டணம் என்பது இங்கே பொது வழக்கம், பெரும்பாலான ஒப்பந்தங்களில் எழுதியே இருக்கும். ஒரு சொட்டு ரத்தம் தரையில் கண்டாலும் மீட்டர் ஓடிவிட்டது என்று அர்த்தம். கொம்பையும் தோலையும் வெளிநாட்டுக்கு எடுத்துப் போகிறவருக்குச் சுத்தம் செய்வது, பெட்டி, கால்நடைச் சான்று, சரக்குக் கட்டணம் எல்லாம் தனி. ஒரு மிருகத்தின் கட்டணத்தையே அது தாண்டிவிடலாம். நல்ல புகைப்படத்தோடு நிறுத்திக்கொள்கிறவர் மீது எனக்கு மரியாதைதான். உள்ளூர்க்காரர் கறி எடுத்து வருவதானால், கோமாரிக் கட்டுப்பாடு உள்ள பகுதியா, இறைச்சியை வெளியே கொண்டுபோக அனுமதி வேண்டுமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

வெளிநாட்டவர் இங்கே வேட்டையாட, அந்த மாகாணத்தில் பதிவுபெற்ற அவுட்ஃபிட்டர் (வேட்டைப் பயணம் நடத்துபவர்) ஏற்பாடு செய்து, பதிவுபெற்ற தொழில்முறை வழிகாட்டி கூடவே இருக்க வேண்டும் என்பது சட்டம். தென்னாப்பிரிக்கக் குடிமகனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நில உரிமையாளரின் எழுத்து அனுமதியும் மாகாண விதிகளுக்கு வேண்டிய உரிமமும் போதும், செலவும் குறையும். இருந்தாலும் முதல் தடவை வழிகாட்டியோடு போங்கள் என்றுதான் உள்ளூர்ப் பையன்களுக்கும் சொல்வேன்.

துப்பாக்கியைக் கொண்டுவருவதா, வாடகைக்கு எடுப்பதா? கொண்டுவருகிறவர் தென்னாப்பிரிக்கக் காவல்துறையின் எஸ்ஏபிஎஸ் 520 படிவம், சொந்த நாட்டு உரிமம், அவுட்ஃபிட்டரின் அழைப்புக் கடிதம் எல்லாம் தயாராக வைத்திருக்க வேண்டும். ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாவுக்கு மேல் கூடாது. விமான நிறுவனத்தின் அனுமதி அதற்கு மேல். இந்தியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிறவர்கள் இந்த வம்புக்கே போக வேண்டாம். வழிகாட்டியின் 308 அல்லது 30-06 ரைஃபிள் போதும். பல பண்ணைகளில் அதில் சைலன்சரும் மாட்டியிருக்கும், தோளுக்கும் காதுக்கும் நல்லது. முதல் நாள் காலையில் இலக்குப் பலகையில் சுட்டுப் பழக நேரம் கேளுங்கள். தரையில் படுத்து இல்லை, மூன்று கால் குச்சியில் துப்பாக்கியை வைத்து, நின்றபடி. காட்டில் அப்படித்தான் சுடப் போகிறீர்கள்.

‘பெரிய ஐந்து’ எனப்படும் சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை மேல் ஆசை வைப்பவர்களுக்கு: காட்டெருமையைத் தவிர மற்றதற்கு முன்பணம் கட்டும் முன் நன்றாக யோசியுங்கள். காட்டெருமைக்கே 375 காலிபர் துப்பாக்கியும் அடர்ந்த புதரில் நிதானமும் வேண்டும், அது முதல் வேட்டைக்கான மிருகம் இல்லை. சிறுத்தைக்கு 2016, 2017 இரண்டு ஆண்டும் அரசு ஒதுக்கீடு பூஜ்ஜியம். 2022இல் சிறுத்தை, கறுப்புக் காண்டாமிருகம், யானை வேட்டைக்கான ஒதுக்கீட்டை நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. கூண்டில் வளர்த்த சிங்கத்தைச் சுடுவதை நான் வேட்டை என்று ஏற்க மாட்டேன். அந்தத் தொழிலை முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் பார்பரா கிரீசி 2021 மே மாதம் அறிவித்தார். 1978இல் தொடங்கிய, வழிகாட்டிகளின் தொழில்முறை வேட்டைக்காரர் சங்கமே 2017இல் இந்தக் கேள்வியில் பிளந்தது, வெளியேறியவர்கள் தனிச் சங்கம் அமைத்தார்கள். உங்கள் வழிகாட்டி எந்தச் சங்கத்தில் இருக்கிறார், ஏன் என்று கேளுங்கள், அந்தப் பதில் அவரைப் பற்றி நிறையச் சொல்லும்.

முகவர் மூலமா, நேரடியாகவா என்ற கேள்வியில் எனக்குக் குழப்பமில்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறவருக்கு நல்ல முகவர் உதவி. அவருக்கான கமிஷன் பெரும்பாலும் அவுட்ஃபிட்டர் தருவது, தகராறு வந்தால் பேசவும் ஆள் இருக்கும். டர்பன்காரர் நேரடியாகவே பேசலாம். எந்த வழியில் போனாலும் எழுத்து ஒப்பந்தம் வேண்டும். தேதி, நிலத்தின் பெயர், ஒவ்வொரு மிருகத்தின் கட்டணம், அரசோ நோயோ தடுத்தால் பணம் திரும்ப வருமா, வருமானால் எத்தனை நாளில் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். முக்கியமாக, உங்களோடு நடக்கப் போகும் வழிகாட்டியின் பெயர். நல்ல பெயருள்ள ஒருவரைக் காட்டிப் பதிவு வாங்கிவிட்டு, வந்த அன்று வேறொரு பையனை அனுப்புவது நடக்கிற விஷயம்தான். பெயர் எழுத முடியாது என்றால் முன்பணமாகக் கேட்கும் பாதித் தொகையை அனுப்ப வேண்டாம், அடுத்த பண்ணைக்கு எழுதுங்கள்.