ஸ்லைடா, டியூபா? வைடால் முடிவைப் படிக்கும் விதம்

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கிச் சேலத்துக்கு வரும் தொழிலாளி. காய்ச்சல் கண்டு மூன்றாம் நாள். கையில் ‘டைபாய்டு பாசிட்டிவ்’ என்ற வைடால் சீட்டு; டைபாய்டுக் கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை ரத்தத்தில் தேடும் சோதனை அது. ஆய்வகத்தில் இப்படிப்பட்ட சீட்டு வரும்போது, டைட்டர் (எத்தனை மடங்கு நீர்த்த பிறகும் எதிர்வினை தெரிகிறது என்ற அளவு) எவ்வளவு, எந்த முறையில் பார்த்தார்கள் என்றுதான் முதலில் தேடுவேன். பெரும்பாலும் இரண்டும் இருக்காது.

ஸ்லைடு முறை வேகமானது. சீரத்துடன் (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) நிறமேற்றிய ஆன்டிஜென் (கொன்ற டைபாய்டுக் கிருமிகள் கலந்த நீர்மம்) ஒரு சொட்டைக் கலந்து ஒரு நிமிடம் அசைத்தால், பால் திரிவதுபோல் திரிகிறதா என்று தெரிந்துவிடும். அந்த ஒரு நிமிடத்துக்குள் படித்தாக வேண்டும். சேலத்துச் சித்திரை வெயிலில், மின்விசிறிக்கு அடியில், இன்னும் சற்று விட்டால் ஓரம் காய்ந்து, திரளாததும் திரண்டதுபோல் காட்டும். பொய்யான பாசிட்டிவ் பல இப்படித்தான் பிறக்கின்றன.

டியூப் முறைக்குப் பொறுமை வேண்டும். சீரத்தை 1:20, 1:40 என்று 1:320 வரை இரட்டித்து நீர்த்து, ஆன்டிஜென் சேர்த்து 37 டிகிரியில் இரவு முழுக்க வைக்கிறோம். காலையில், எதிர்வினை இருந்தால், ‘ஓ’ (கிருமியின் உடல் ஆன்டிஜென்) குழாயின் அடியில் பாய் விரித்ததுபோல் மணல்மணலாகப் படிந்திருக்கும். ‘எச்’ (கிருமியின் கசையிழை ஆன்டிஜென்) குழாயில் பஞ்சுப் பிசிறாக இருக்கும். எதிர்வினை இல்லையென்றால் அடியில் சிறு பொட்டாகக் குவிந்திருக்கும். சீரம் சேர்க்காத உப்புநீர்க் குழாயை அருகில் வைத்து ஒப்பிடலாம் என்பதால் கண் ஏமாறுவது குறைவு. ஸ்லைடில் பாசிட்டிவ் என்றால் டியூபில் உறுதிசெய்யாமல் சீட்டுக் கொடுக்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

ஆனால் மூன்றாம் நாளில் டியூபும் கைகொடுக்காது. எதிர்ப்பொருள் போதுமான அளவு சேர ஒரு வாரமாவது ஆகும். டைபாய்டு பரவலாக உள்ள நம் ஊர்களில் நல்ல உடம்பிலும் குறைந்த டைட்டர் இருக்கும். பழைய தொற்றின் ‘எச்’ மாதக்கணக்கில் நீடிக்கும், வேறு காய்ச்சலிலும் தலைதூக்கும். ஒற்றை 1:80-ஐ வைத்து எதையும் சொல்ல முடியாது. 10 முதல் 14 நாள் கழித்து எடுக்கும் இரண்டாம் மாதிரியில் 1:40 என்பது 1:160 ஆனால், அந்த நான்கு மடங்கு உயர்வுக்கு எடை உண்டு. அதற்குள் நோயாளி ஒருவேளை குணமாகியிருப்பார், அல்லது சிக்கலில் இருப்பார்.

முதல் வாரத்துக்கு உரியது, ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் ரத்தக் கல்ச்சர். முடிவுக்குச் சில நாள் ஆனாலும் கிருமியையே பிடித்துக் காட்டும், எந்த மருந்துக்கு அடங்கும் என்றும் சொல்லும். தோட்ட வேலைக்காரர் என்பதால் அக்குள், இடுப்பு மடிப்புகளில் கருகிய புண் இருக்கிறதா என்றும் மருத்துவர் பார்க்க வேண்டும். அது புதர்ச் சிறுபூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலாக இருக்கலாம், அதற்கான மருந்தே வேறு.

அவருக்காக நான் கேட்பது ஒன்றுதான்: முதல் ஆன்டிபயாடிக் மாத்திரைக்கு முன்பே கல்ச்சர் பாட்டிலில் ரத்தம் எடுங்கள்.