ஒரே வேலைக்கு மூன்று உலோகங்கள்: எஸ்ஓடி நொதியில் எது கெட்டி?

ஆக்சிஜனை நம்பி வாழும் செல்களில் சூப்பராக்சைடு, அதாவது ஓர் எலக்ட்ரான் கூடுதலாக ஒட்டிக்கொண்டு செல்லுக்குக் கேடு செய்யும் ஆக்சிஜன், உருவாவதைத் தவிர்க்க முடியாது. அதை அடக்குவது சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், சுருக்கமாக எஸ்ஓடி. ஒரு சூப்பராக்சைடிடம் எலக்ட்ரானை வாங்கி அதை ஆக்சிஜனாக்கும்; வாங்கியதை இன்னொன்றிடம் கொடுத்து ஹைட்ரஜன் பெராக்சைடாக்கும். இந்தக் கைமாற்றைச் செய்வது நொதிக்குள் இருக்கும் உலோகம்தான்.

செம்பு–துத்தநாக வகையின் கதை சுவையானது. மாட்டு இரத்தத்திலிருந்து 1938-லேயே பிரித்தெடுத்துவிட்டார்கள். ஆனால் அது நொதி என்பதை 1969-ல் உயிர்வேதியியலாளர்கள் மெக்கார்டும் ஃபிரிடோவிச்சும் காட்டும்வரை யாருக்கும் தெரியாது. எலக்ட்ரானைக் கையாள்வது செம்பு மட்டுமே. துத்தநாகம் எலக்ட்ரானைத் தொடுவதில்லை, அமைப்பைத் தாங்கி நிற்கிறது. வேகத்தில் இந்த வகையைக் குறை சொல்லவே முடியாது.

உண்மையான போட்டி இரும்புக்கும் மாங்கனீசுக்கும்தான். இரண்டு புரதங்களும் கிட்டத்தட்ட ஒரே அச்சு. உலோகத்தைப் பிடித்திருப்பவையும் அதே மூன்று ஹிஸ்டிடின், ஓர் அஸ்பார்டேட் (இரண்டும் அமினோ அமிலங்கள்), ஒரு நீர் மூலக்கூறு. அப்படியானால் உலோகத்தை மாற்றி வைத்தால் என்ன? ஈ.கோலி பாக்டீரியாவின் இரும்பு எஸ்ஓடிக்குள் மாங்கனீசை வைத்தால் நொதி ஏறக்குறைய செத்துப்போகிறது.

காரணம் ஒடுக்க மின்னழுத்தம், அதாவது எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் நாட்டத்தின் அளவு. எலக்ட்ரான் மீது மாங்கனீசுக்கு இயல்பிலேயே இரும்பைவிட ஆசை அதிகம். மாங்கனீசுக்கென்று அமைந்த புரதம் அந்த ஆசையை நன்றாக அமுக்கி வைக்கிறது. இரும்புப் புரதம் அந்த அளவுக்கு அமுக்குவதில்லை. அதனால் இடம் மாறிய மாங்கனீசு, கடன் வாங்கித் திருப்பித் தராத ஆளாகிவிடுகிறது: எலக்ட்ரானை வாங்கும், விடாது. மாங்கனீசுப் புரதத்தில் இரும்பை வைத்தால் நேரெதிர். அங்கே வாங்குவதே பெரும்பாடு. இரண்டையும் ஏற்று வேலை செய்யும் எஸ்ஓடிகள் சில பாக்டீரியாக்களில் உண்டு என்றாலும் அவை விதிவிலக்குதான்.

இரும்புக்கு இன்னொரு சங்கடம். தான் உண்டாக்கும் பெராக்சைடே அதைக் கெடுத்துவிடும். மாங்கனீசு வகை அதைத் தாங்கும். ஈ.கோலி இரண்டையும் கைவசம் வைத்திருக்கிறது: ஆக்சிஜன் இல்லாதபோதும் இரும்பு வகை இருக்கும், ஆக்சிஜன் வந்ததும், குறிப்பாக இரும்புக்குத் தட்டுப்பாடு வந்தால், மாங்கனீசு வகை பெருகும். இந்த மூன்றுக்கும் வெளியே நிக்கல் வகையும் உண்டு, ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண் பாக்டீரியாவில்.

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் என் ஓட்டு மாங்கனீசுக்கு. நம் மைட்டோகாண்ட்ரியாவில் காவல் இருப்பது அதுதான். செம்பு–துத்தநாக எஸ்ஓடி இல்லாத எலி வளர்ந்து பெரிதாகிறது. மாங்கனீசு எஸ்ஓடி இல்லாத எலிக்குட்டி பிறந்த சில வாரங்களைக்கூடத் தாண்டுவதில்லை.